ஆள் குடியிருப்பு இல்லை

மரம் விழுந்த மறுநாள் காலையிலும் ஆடுகளுக்குப் பசிக்கத்தான் செய்தது.

முந்தின நாள் பிற்பகலில் வீசிய காற்று, கட்டடத்தை ஒட்டி நின்ற பெருமரத்தை வேரோடு பெயர்த்து மாடியின் மேல் கிடத்திவிட்டுப் போயிருந்தது. கூரைத் தகடுகள் கசங்கிய காகிதம் போல மடிந்து கிடந்தன. மாடியறையின் மேற்குச் சுவர் பாதிக்குமேல் சரிந்துவிட்டது. கீழே இருந்த ஆட்டுக் கொட்டில் மட்டும், ஒரு மூலை நீங்கலாக, அதிகச் சேதமின்றித் தப்பித்திருந்தது. அந்த வீட்டில் குடியிருந்த முதிய தம்பதியர் அந்நேரத்தில் பக்கத்துக் கோழிப்பண்ணையில் படுதாக்களை இழுத்துக் கட்ட உதவிக்குப் போயிருந்தார்கள். அதனால் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

காலையில் அந்த வீட்டுக்காரர் கைரம்பத்துடன் கிளைகளை அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்துத் தள்ளிய கிளைகளின் இலைகளை ஆடுகள் நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தன. கூரையைச் சாய்த்த மரம் என்ற வருத்தம் அவற்றுக்குச் சிறிதும் இருந்ததாகத் தெரியவில்லை.

"உங்க ஆடுங்களுக்கு இன்னைக்குத்தான் கல்யாணச் சாப்பாடு போட்டிருக்கு போல!" என்று வேலிக்கு அப்பாலிருந்து கோழிப்பண்ணைக்காரர் குரல் கொடுத்தார். உரக்கப் பேசினாலொழிய அவருக்குப் பேச வராது. ஆயிரக்கணக்கான கோழிகளின் நடுவே பேசிப் பழகிய தொண்டை.

"சிரிங்க, சிரிங்க. உங்க கூரைக்கு மேல விழுந்திருந்தா இப்ப நான் சிரிச்சிருப்பேன்."

"எனக்கு என்னங்க, கோழிக்குத்தான் வீடு போயிருக்கும். உங்க ஆட்டுக்கு வீடு இருக்கு, உங்களுக்குத்தான் இல்ல. ஆட்டுகிட்ட கேட்டுப் பாருங்க, ஒரு மூலை வாடகைக்குக் குடுக்குமான்னு."

வீட்டுக்காரரை அந்தப் பக்கத்தில் எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் அழைப்பார்கள். பணிக்காலம் முழுவதும் நகரத்தின் உயரமான கட்டடங்களில் லிஃப்டுகளைப் பழுதுபார்த்தவர் அவர். ஓய்வு பெற்றதும், இனிமேல் தரையில்தான் நடப்பேன் என்று சொல்லி இந்தச் சிறு நிலத்தை வாங்கினார். நாலைந்து ஆடுகள், கொஞ்சம் கோழிகள், காய்கறிப் பாத்தி, வரிசையாகச் சில பழமரங்கள்: இவ்வளவுதான் பண்ணை. விற்பனைக்கென்று எதுவும் கிடையாது. மிஞ்சிய பாலைக் கோழிப்பண்ணைக்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். பதிலுக்கு உடைந்த முட்டைகள் வரும். "பொழுதுபோக்குப் பண்ணை" என்று கோழிப்பண்ணைக்காரர் அதைக் கிண்டல் செய்வார். ஆடுகளுக்குப் பெயர் வைத்திருந்ததும் அவருடைய கேலிக்கு நல்ல தீனி. எதைக் கண்டாலும் அதன் மேல் ஏறி நிற்கும் வெள்ளாட்டுக்கு லிஃப்ட்காரர் 'மொட்டைமாடி' என்று பெயர் வைத்திருந்தார்.

தரையில்தான் நடப்பேன் என்றவர் கடைசியில் மாடியில்தான் குடியேற வேண்டியிருந்தது. நிலத்தில் இருந்த ஒரே கட்டடம் அதுதான். கீழே கொட்டில், மேலே முன்பு தீவனம் அடுக்கி வைத்த நீளமான அறை, இரண்டுக்கும் நடுவே மரப்பலகைத் தளம். அந்த அறையை அவரே தடுத்து, மின்கம்பி இழுத்து, குழாய் வைத்து, மூலையில் இரும்பு அடுப்பும் அமைத்து வீடாக்கினார். கீழிருந்து விறகும் காய்கறியும் ஏற்றுவதற்குக் கப்பியில் ஒரு மரப்பெட்டியைத் தொங்கவிட்டிருந்தார். அது சத்தமில்லாமல் மேலே வந்து நிற்கும். அதைக் காட்டுவதற்காகவே விருந்தாளிகளை மாடிக்கு அழைப்பார்.

அவருடைய மனைவிக்கு முதலில் இந்த யோசனை பிடிக்கவில்லை. அவர் பெரிய மருத்துவமனை ஒன்றில் துணிக்கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிச் சட்டை எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் வார்டுகளுக்குப் போகும். வார்டம்மா என்ற பெயர் அங்கே வந்தது. ஆட்டுப் புழுக்கைக்கு மேலே படுத்துத் தூங்குவதா என்று முகம் சுளித்தவர், வந்த சில வாரங்களிலேயே மொட்டைமாடியின் குட்டியைப் போர்வைக்குள் வைத்து வளர்க்கும் அளவுக்கு மாறிவிட்டார்.

ஆனாலும் நகரத்து வாடகை வீட்டை அவர்கள் உடனே விட்டுவிடவில்லை. அதற்குக் காரணம் லிஃப்ட்காரரின் எச்சரிக்கை. "கீழ வைக்கோலு, மேல அடுப்பு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நடுத்தெருவுலதான் நிக்கணும். இன்சூரன்ஸ் போட்டப்புறம்தான் டவுன் வீட்டைக் காலி பண்றது" என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

இன்சூரன்ஸுக்கு வெளியே போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை. வார்டம்மாவின் தம்பியே ஏஜென்ட். தாய் இறந்தபிறகு வார்டம்மாதான் அவனை வளர்த்தார். பள்ளிக்கூடம் விட்டு நேராகத் துணிக்கிடங்குக்கு வந்து, மடித்து அடுக்கிய போர்வைகளின் மேல் படுத்துத் தூங்குவான். இரவுப்பணி முடிந்து அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார் அக்கா. லிஃப்ட்காரர் அவரைத் திருமணம் செய்துகொண்டபோது, "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்" என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். அந்த இலவசத்தை அவர் ஒருநாளும் குறைவாக நடத்தியதில்லை.

"மேல ஆள் குடியிருக்குன்னு எழுதியிருக்கியா மாப்ளே?" என்று அப்போது அவர் கேட்டார். ஒருமுறை அல்ல, பார்க்கும்போதெல்லாம் கேட்டார்.

"எழுதாம இருப்பேனா மாமா? வீடும் சேர்த்துத்தான். மேல, கீழ, வேலி, கிணறு எல்லாம் உள்ள வந்துடும். நிம்மதியா தூங்குங்க."

கம்பெனியிலிருந்து படம் எடுக்க ஆள் வருவதற்கு முந்தின நாள் தம்பி அக்காவுக்குப் போன் செய்தான். "அக்கா, உள்ள ஒரு சாமான் இருக்கக்கூடாது. பளிச்சுன்னு இருக்கணும். உனக்குச் சொல்லவா வேணும்?" என்றான்.

உண்மையிலேயே அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆய்வு என்றால் மருத்துவமனையில் அவர் செய்தது அதுதான். மேலதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் நோயாளிகளின் பிளாஸ்க், செருப்பு, உறவினர்களின் பைகள் அனைத்தும் துணிக்கிடங்குக்குள் போய்விடும். வார்டு யாருமே படுத்திராத இடம்போல வெண்மையாகக் கிடக்கும். அதிகாரிகள் பாராட்டிவிட்டுப் போனதும் எல்லாம் திரும்பி வரும். அதே முறையில் அன்றைக்குக் கட்டில், மெத்தை, பாத்திரம், துணிமணி எல்லாவற்றையும் கணவரின் மரப்பெட்டியில் ஏற்றி இறக்கி, கோழிப்பண்ணையின் முட்டை அடுக்கும் அறையில் கொண்டுபோய் வைத்தார். லிஃப்ட்காரரும் பெட்டியை இயக்குகிற உற்சாகத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "படம் எடுக்க வர்றவன் பொண்ணு பாக்க வர்ற மாதிரி இவ்வளவு அலங்காரமா?" என்று மட்டும் சிரித்தார்.

படம் எடுத்தவர் போனதும் மாலைக்குள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. தம்பி அன்று அங்கேயே உருளைக்கிழங்கும் முட்டையும் சாப்பிட்டு, அடுப்போரம் பாய் விரித்துத் தூங்கிவிட்டுப் போனான். அடுத்த வாரம் நகரத்து வீட்டுச் சாவியை லிஃப்ட்காரர் அதன் உரிமையாளரிடம் கொடுத்துவிட்டார். இப்போது அந்த வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. இந்த மாடியறையை விட்டால் அவர்களுக்குத் தலைசாய்க்க வேறிடம் கிடையாது.

ஆகையால், மரம் விழுந்த மறுநாள் காலையில் தம்பியின் வண்டி வேலியோரம் வந்து நின்றபோது இருவருக்கும் உண்டான ஆறுதலைப் புரிந்துகொள்வது எளிது.

"ஐயோ அக்கா!" என்று ஓடிவந்து அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். கண்கள் கலங்கியிருந்தன. அந்தக் கலக்கம் பொய்யல்ல. "உள்ள இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? நினைச்சாலே உடம்பு நடுங்குது."

"இருக்கோம்டா. அழாதே. டீ குடிக்கிறியா? அடுப்பு நல்லாத்தான் இருக்கு, புகைக்குழாய்தான் வளைஞ்சுபோச்சு."

"எப்ப வருவாங்க மாப்ளே, உங்க ஆளுங்க?" என்று லிஃப்ட்காரர் மரத்தின் மேலிருந்தபடியே கேட்டார்.

"சாயங்காலமே சேதம் பாக்க சர்வேயர் வர்றாங்க மாமா. நான் பேசிட்டேன். அதுக்குள்ள சாமானெல்லாம் எடுத்து வச்சிடலாம், மறுபடியும் மழை வரும்போல இருக்கு. நனைஞ்சா ஒண்ணும் மிஞ்சாது."

"அதுவும் சரிதான். படி நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த மேற்கு ஓரம் போகாதே. பலகை ஆடுது."

தம்பி சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினான். லிஃப்ட்காரருக்கு அவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கழுத்துப்பட்டையும் பளபளக்கும் ஷூவும் போட்டு வருகிறவன், நனைந்த மெத்தையைத் தோளில் சுமந்து கோழிப்பண்ணைக்கும் வீட்டுக்கும் நடந்தான். கட்டிலைப் பிரித்து எடுத்துப் போனான். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினான். "மாமா, நீங்க மரத்தை மட்டும் பாருங்க. உள்ள நானும் அக்காவும் பாத்துக்கிறோம்" என்றான்.

"பாத்தீங்களா என் மச்சினனை?" என்றார் லிஃப்ட்காரர், கோடரியோடு உதவிக்கு வந்திருந்த கோழிப்பண்ணைக்காரரிடம். "பெத்த பிள்ளை இருந்தாக்கூட இப்படி வருவானா?"

"எனக்கு ரெண்டு மச்சினன் இருக்கானுங்க. கோழி செத்தா மட்டும் வருவானுங்க, குழம்புக்கு ஆகுமான்னு கேக்க."

மாடியில் வார்டம்மா துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நனைந்தது தனி, நனையாதது தனி. சாமான்கள் குறையக் குறைய அறை பெரிதாகிக்கொண்டே வந்தது. தம்பி சுவரில் அடித்திருந்த ஆணிகளைக் குறடால் பிடுங்கத் தொடங்கினான்.

"ஆணியை எதுக்குடா பிடுங்கறே? அது எங்க போயிடப் போகுது?"

"கைல குத்தும்க்கா" என்றான் அவன், திரும்பிப் பாராமல்.

இரும்பு அடுப்பையும் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவன், ஈரத்துணியும் சோப்புமாக அடுப்பு இருந்த மூலையில் குந்தி உட்கார்ந்து சுவரைத் தேய்க்க ஆரம்பித்தான். அங்கே சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி படிந்திருந்தது. வார்டம்மா மடிப்பதை நிறுத்தினார்.

"டேய்."

அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"மழைக்கு நனையுமேன்னு சாமானை எடுத்து வைக்கிறே, சரி. சுவத்துக் கரி நனைஞ்சா என்னடா?"

தம்பியின் கை நின்றது. கீழே கைரம்பத்தின் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் எழுந்து, வாசற்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, அக்காவின் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கோபப்படாம கேளு. மேல ஆள் இருக்குன்னு நான் போடல."

"என்னது?"

"கொட்டகைன்னுதான் போட்டிருக்கு. தீவனம் அடுக்கற கொட்டகை, ஆள் குடியிருப்பு இல்லைன்னு. கீழ ஆடு, மேல அடுப்பு, நடுவுல பலகை. இதைச் சொன்னா எந்தக் கம்பெனியும் எடுக்காது. எடுக்கலைன்னு சொல்லியிருந்தா மாமா டவுன் வீட்டை விட்டிருக்க மாட்டாரு. நீ அந்த ஆட்டுக்குட்டியை வச்சுக்கிட்டு எவ்வளவு சந்தோஷமா இருந்தே..."

"எனக்காகவா செஞ்சே?"

"ஆமாக்கா."

"முழுசும் எனக்காகவா?"

அவன் துணியைப் பிழிந்தான். கரிய நீர் பலகையில் வழிந்தது. "அந்த மாசக் கணக்குக்கு எனக்கு ஒரு பாலிசி குறைஞ்சுது" என்றான்.

வார்டம்மா மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டார். படம் எடுக்க வந்த அன்று தாம் சுத்தம் செய்த அறையை நினைத்துக்கொண்டார் போலும். அவ்வளவு அழகாக, ஒரு சீப்பைக்கூட விடாமல், தாமே அங்கிருந்து தம்மை வெளியேற்றியிருக்கிறார்.

"அவர் எத்தனை தடவை உங்கிட்ட கேட்டாரு? ஆள் இருக்குன்னு எழுதினியா, எழுதினியான்னு. எப்படிடா வாய் வந்துது?"

"நடக்காதுன்னு நினைச்சேன்க்கா. எல்லாருக்கும் நடக்குமா என்ன? நீ இப்ப அதை விடு. சாயங்காலம் அந்த சர்வேயர் அம்மா கேப்பாங்க. இங்க குடியில்ல, எப்பவாவது வந்து போவோம்னு சொல்லிட்டா போதும். கொட்டகைக்காவது ஏதாவது வரும். கூரை போட்டுக்கலாம். உண்மையைச் சொன்னா அதுவும் இல்ல, பாலிசியே செல்லாதுன்னுடுவாங்க. என் லைசென்ஸையும் பிடுங்கிடுவாங்க. பொண்ணை இந்த வருஷம்தான் ஸ்கூல்ல சேர்த்திருக்கேன்."

"அவர்கிட்ட சொல்லு."

"சொல்றேன். நானே பக்குவமா சொல்றேன். நீ சொல்லாதே, நீ சொன்னா சண்டையாயிடும்." அவன் அக்காவின் முழங்காலில் கை வைத்தான். துணிக்கிடங்கில் பசித்தபோது அவன் அப்படித்தான் கை வைப்பான். "உன்னை விட்டா எனக்கு யாருக்கா?"

பிறகு அவன் மீண்டும் கரியைத் தேய்க்கப் போனான். அவனுக்குத் தேய்க்கத் தெரியவில்லை. கரியைச் சுவரெங்கும் இழுத்துப் பரப்பினான். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த வார்டம்மா எழுந்து போய் அவன் கையிலிருந்த துணியை வாங்கினார்.

"தள்ளு. கீழேயிருந்து மேல தேய்க்கணும்" என்றார்.

லிஃப்ட்காரர் தண்ணீர் குடிக்க மேலே வந்தபோது அவர் தேய்த்துக்கொண்டிருந்தார். வெறுமையாகிவிட்ட அறையில், கூரையில்லாத வெளிச்சத்தில், சுவரின் அந்த ஒரு பகுதி மட்டும் வெண்மையாகத் தெரிந்தது.

"நல்லா இருக்கு போ!" என்று அவர் சிரித்தார். "சுவரே பாதி இல்ல, இருக்கற பாதியைப் பளபளன்னு ஆக்கறா. ஆஸ்பத்திரிப் புத்தி போகுமா? யாராவது பாக்க வர்றாங்கன்னா துடைப்பம் தானா கைக்கு வந்துடும் இவளுக்கு."

வார்டம்மா திரும்பவில்லை. தோள்கள் மட்டும் ஒருகணம் நின்று மறுபடி அசைந்தன.

மதியம் கோழிப்பண்ணைக்காரர் வீட்டிலிருந்து ரொட்டியும் அவித்த முட்டையும் கீரைச் சூப்பும் வந்தன. அடிமரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லிஃப்ட்காரர் மற்றவர்களைவிட அதிகம் பேசினார். கெட்ட காரியத்திலும் ஒரு வேலை கிடைத்துவிட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும்.

"இந்த மரம் இருந்த வரைக்கும் மேற்குப் பக்கம் வெளிச்சமே கிடையாது. இப்ப அங்க ஒரு ஜன்னல் வைக்கலாம். நல்ல அகல ஜன்னல். படுக்கைலேருந்தே ஆடு மேயறதைப் பாக்கலாம். நீதான் முட்டிவலின்னு படி இறங்கவே யோசிக்கறியே, படுத்துக்கிட்டே அதுங்களை அதட்டலாம்." மனைவியைப் பார்த்துச் சொன்னார். "என்ன, வாயே திறக்க மாட்டேங்கறே?"

"சாப்பிடுங்க. ஆறிப்போகுது" என்றார் வார்டம்மா.

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி முட்டையின் ஓட்டை மிகுந்த கவனத்தோடு உரித்துக்கொண்டிருந்தான். வார்டம்மா பேச வாயெடுத்தார். "ஏங்க..." என்று ஆரம்பிக்கவும் செய்தார். "ஜன்னலுக்குக் கம்பி வைக்கணும், இல்லைன்னா மொட்டைமாடி உள்ள குதிச்சிடும்" என்று லிஃப்ட்காரர் சொல்லிக்கொண்டே போனார். கோழிப்பண்ணைக்காரர் சத்தம்போட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கியபோது வார்டம்மாவிடம் சொல்வதற்கு எஞ்சியிருந்த துணிவும் அடங்கியிருந்தது.

சர்வேயர் மாலையில் வந்தார். இளம் வயதுப் பெண். மழைக்கால பூட்ஸும் அளவு நாடாவுமாக இறங்கி, எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். நடந்ததைப் பற்றித் தமது வருத்தத்தைத் தெரிவித்தார். சேற்றைப் பொருட்படுத்தாமல் கட்டடத்தைச் சுற்றி வந்து அளந்தார், படம் எடுத்தார். மொட்டைமாடி அவர் பின்னாலேயே போய் அவருடைய பையை மோந்து பார்த்தது. "இது உங்க அசிஸ்டெண்டா ஐயா?" என்று கேட்டார். லிஃப்ட்காரருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மாடிக்கு எல்லோரும் ஏறினார்கள். சர்வேயர் நடு அறையில் நின்று நாலாபுறமும் பார்த்தார்.

"ஆள் குடியிருப்பு இல்லாத கொட்டகைன்னு பாலிசியில இருக்கு. அப்படித்தானே?"

"இல்லம்மா, அது ஏதோ தப்பா வந்திருக்கும்" என்றார் லிஃப்ட்காரர், பணிவாக. "வீடு. நாங்க இங்கதான் இருக்கோம். மாப்ளே, சொல்லுப்பா."

தம்பி அளவு நாடாவின் மறுமுனையைச் சர்வேயருக்காகப் பிடித்துக்கொண்டிருந்தான். அதை விடாமலே பேசினான்.

"எப்பவாவது ஞாயித்துக்கிழமை வந்து போவாங்க மேடம். ஆடு பாக்கறதுக்கு. டீ போட்டுக் குடிப்பாங்க. மாமா அதைத்தான் சொல்றாரு."

லிஃப்ட்காரர் முதலில் சிரித்தார். மச்சினன் விளையாடுகிறான் என்று எண்ணிவிட்டார். "டேய், ஞாயித்துக்கிழமை வந்து போறது நீடா!" என்றார். அவன் சிரிக்கவில்லை. நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாப்ளே?"

"வயசாயிடுச்சு மேடம். நேத்து அதிர்ச்சியில கொஞ்சம் குழம்பிப் போயிருக்காரு."

சர்வேயர் நாடாவைச் சுருட்டினார். அவருடைய பார்வை அடுப்பு இருந்த மூலைக்குப் போயிற்று. "அந்த இடத்துல மட்டும் சுவர் இவ்வளவு வெள்ளையா இருக்கே" என்று தமக்குள் சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். பிறகு வார்டம்மாவிடம் திரும்பி, குரலைத் தணித்துக் கேட்டார்: "நீங்க சொல்லுங்கம்மா. நீங்க ரெண்டு பேரும் இங்க குடியிருந்தீங்களா?"

வார்டம்மாவின் கைகள் புடவைத் தலைப்பை மடித்தன. பிரித்தன. மறுபடி மடித்தன. தம்பி அவரைப் பார்க்கவில்லை. கணவர் பார்த்துக்கொண்டிருந்தார், முழு நம்பிக்கையோடு.

"வந்து போவோம்மா" என்றார் வார்டம்மா. "தங்கறதில்ல."

கீழே ஆடுகள் இலை கடித்துக்கொண்டிருந்தன.

லிஃப்ட்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவருடைய கைகளைப் பார்த்தார். நகக்கண்களில் இன்னும் கரி இருந்தது. பிறகு அந்த வெண்மையான சுவரைப் பார்த்தார். காலையில் தாம் சிரித்துப் பேசிய பேச்சு அப்போது அவருடைய நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் சுருங்கி, ஒரு நொடியில் மிகவும் கிழவராகிவிட்டார். கட்டில் போட்டிருந்த இடம் எது என்று தேடுகிறவர்போல அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஆணி அடித்த துளைகூடச் சுண்ணாம்பால் அடைக்கப்பட்டிருந்தது.

"ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று சர்வேயர் கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் வேற வேற மாதிரி சொன்னா நான் என்ன எழுதறது?"

"மாமா" என்றான் தம்பி. குரல் கெஞ்சியது. "மாமா, யோசிச்சுச் சொல்லுங்க. கூரையாவது வரட்டும்."

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இவங்க இங்க இருந்ததில்லம்மா" என்றார். "நான் இருந்தேன்."

சர்வேயருக்கு உடனே விளங்கவில்லை. "நீங்க மட்டுமா?"

"ஆமா. இங்கதான் சமைச்சேன், இங்கதான் தூங்கினேன். டவுன் வீட்டுச் சாவியைக் குடுத்த நாளிலிருந்து எனக்கு வேற வீடு கிடையாது. அந்த மூலையில அடுப்பு இருந்துது. இந்தப் பக்கம் கட்டில். அப்படியே எழுதிக்குங்க."

"எழுதினா உங்களுக்கு எதுவுமே கிடைக்காம போகலாம் ஐயா. கொட்டகைக்கும் சேர்த்து. அது உங்களுக்குத் தெரியணும்."

"தெரியுது. எழுதுங்க."

"அப்ப அம்மா எங்க இருந்தாங்க?"

"அதை அவங்ககிட்டதான் கேக்கணும்" என்றார் லிஃப்ட்காரர். சொல்லிவிட்டு, பலகை ஆடாத பக்கமாகப் பார்த்து மெதுவாகப் படியிறங்கிப் போனார்.

சர்வேயர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது வார்டம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவருடைய ஜீப் திரும்பும்வரை பொறுத்திருந்த தம்பி, வேலியோரம் நின்றிருந்த லிஃப்ட்காரரிடம் ஓடினான்.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? உங்களுக்கும் இல்லாம, எனக்கும் இல்லாம! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"மெத்தையைத் தோள்ல தூக்கிட்டுப் போனியே" என்றார் லிஃப்ட்காரர். "நான் ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்டிருந்தேன்டா, பெத்த பிள்ளை மாதிரின்னு."

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"வண்டியை எடு. ஆட்டை ஓட்டணும், வழியில நிக்குது."

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "வாக்கா. வீட்டுக்கு வா. இங்க எங்க இருப்பே?" என்றான். வார்டம்மா படியின் கடைசித் தட்டில் நின்றிருந்தார். தலையை மட்டும் இல்லையென்று அசைத்தார். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

கோழிப்பண்ணைக்காரர் இதையெல்லாம் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டிருக்க வேண்டும். வாழ்க்கையில் முதன்முறையாகத் தணிந்த குரலில் பேசினார். "முட்டை ரூம்ல உங்க கட்டிலைப் போட்டு வச்சிட்டேங்க. ரெண்டு பேரும் வந்து படுங்க. எவ்வளவு நாள் வேணுமானாலும்."

"உங்க மனசுக்கு நன்றி" என்றார் லிஃப்ட்காரர். "நான் இங்கதான் குடியிருக்கேன்."

பொழுது சாய்கையில் அவர் கொட்டிலின் இடிந்த மூலையில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். வைக்கோலை ஒதுக்கி ஓரிடத்தைச் சமப்படுத்தினார். கோழிப்பண்ணைக்குப் போய் ஒரு பாயும், ஒரு போர்வையும், ஒரு தலையணையும், விளக்கும் எடுத்து வந்தார். வார்டம்மா வழியிலேயே நின்றிருந்தார். லிஃப்ட்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு, இடிக்காமல், மரியாதையாக நடந்து போனார்.

"அவன் என் கையால வளந்தவன்" என்றார் வார்டம்மா, அவருடைய முதுகைப் பார்த்து. "சோறு இல்லாம போயிடுமேன்னு பயந்துட்டேன். கூரையாவது மிஞ்சுமேன்னு நினைச்சேன்."

"ம்."

"உங்ககிட்ட சொல்லியிருக்கணும். மத்தியானம் வாயெடுத்தேன். நீங்க ஜன்னலைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க."

லிஃப்ட்காரர் விளக்கின் திரியைச் சரிசெய்தார். தூறல் விழ ஆரம்பித்தது. ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து தார்ப்பாயின் கீழ் ஒண்டின.

வார்டம்மா கோழிப்பண்ணைக்குப் போய்த் தம்முடைய தலையணையை எடுத்துக்கொண்டு வந்தார். அதை மழையில் நனையாமல் மார்போடு அணைத்தபடி, தார்ப்பாயின் விளிம்புக்கு வெளியே நின்றார். தலையிலும் தோளிலும் தூறல் இறங்கியது. உள்ளே ஆடுகளோடும் விளக்கோடும் லிஃப்ட்காரர் இருந்தார். பாய் ஒருவர் படுக்கிற அகலத்துக்கு விரிக்கப்பட்டிருந்தது.

"உள்ள வரட்டுமா?" என்று கேட்டார்.

லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். மாலையில் சர்வேயரிடம் பணிவாகப் பேசிய அதே முகம். அறிமுகமில்லாதவரைப் புண்படுத்திவிடக் கூடாதே என்ற கவனம் அதில் இருந்தது.

"வாங்க" என்றார். "மெதுவா வாங்க. ஆடு மிரளும்."

வார்டம்மா செருப்பைக் கழற்றி மழையில் விட்டுவிட்டு, குனிந்து உள்ளே வந்து, பாயை மிதிக்காமல் ஓரமாக வைக்கோலின் மேல் உட்கார்ந்தார்.